கௌபிக்குப் பிறகு தேத்தண்ணி

கிணற்றில் அரைவாளி தண்ணீர் இழுத்ததற்கே மூச்சு வாங்கியது. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை, அதனால்தான் என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு அப்படி மூச்சு வாங்கினால் விட்டுவிடாதீர்கள்.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் டொக்டர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். இரத்தச்சோகை (இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைந்துபோதல்) என்றார்.

"கரண்ட் இல்லாத ஊரிலை ரத்தத்தைச் சேர்த்து வைக்கிறது கஷ்டம், ரீற்றா. பிள்ளை பெறேக்கை உம்மடை ரத்தம்தான் உமக்குப் போதவேணும்."

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் குருநகர்க் கடற்தொழிலாட்கள். சண்டைக்கு ஒதுங்கிக் கோப்பாயில் ஒரு தோட்டக்காரர் வீட்டுப் பின்னறையில் இருந்தோம். கடலுக்குப் போகத் தடை. மீனில்லாமல் இரத்தம் ஊறுமா என்று டொக்டரிடமே கேட்டேன்.

"கௌபி, பயறு, உழுந்து, எள்ளு சாப்பிடும். காய்ஞ்ச விதைதானே எண்டு நினையாதையும். ஒரு செடி முளைச்சு எழும்ப வேண்டிய சத்தெல்லாம் அதுக்குள்ளை கிடக்கு. புரதமும் இருக்கு, இரும்பும் இருக்கு."

புரதம் (தசையை வளர்க்கும் சத்து) எனக்குப் புதுச்சொல். கௌபி (தட்டைப்பயறு) புதிதல்ல. எங்கள் வீட்டில் அது தவசுகாலச் சாப்பாடு, உயிர்த்த ஞாயிறுக்கு முன் மீனை விட்டு ஒறுத்தல் செய்கிற நாளில் தின்பது. தினமும் அதுவே என்றானதும் என் கணவர் முகம் சுருங்கியது.

"உயிர்த்த ஞாயிறு எப்பவாம்?"

"பிள்ளை பிறக்கிற அண்டைக்கு" என்றேன்.

காலையும் மாலையும் கௌபி அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுத் தின்றேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரத்தம் துளிகூட ஏறவில்லை. எனக்கு வந்த கோபம்!

"குதிரைகூட இவ்வளவு கொள்ளுத் தின்னாது, டொக்டர்."

"கௌபியோடை என்ன குடிக்கிறனீர்?"

"பால் விடாத பிளேன்ரீதான். கௌபியெண்டால் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு பிளேன்ரீ குடிக்கிறதுதானே."

டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். தேயிலைச் சாயம் கௌபியின் இரும்பை உடம்பில் சேரவிடாதாம். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்கவேண்டுமாம். கௌபியில் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேருமாம்.

அன்றே என் கணவர் தேயிலைப் பேணியை ஒளித்துவைத்தார். தேத்தண்ணி இல்லாத தலையிடியில் நான் திட்டாத திட்டில்லை. ஆனாலும் அடுத்த கிளினிக்கில் இரத்தம் ஏறியிருந்தது, அதற்கடுத்ததில் இன்னும் ஏறியிருந்தது.

பேறு நாளில் இரத்தம் கொடுக்கவென்று இவரும் கௌபி தின்றுவிட்டு விறாந்தையில் காத்திருந்தார். பெண்பிள்ளை பிறந்தது. இரத்தம் தேவைப்படவில்லை என்று நேர்ஸ் சொன்னாராம்.

"அப்ப நான் திண்டதெல்லாம் வீணோ?" என்று உள்ளே வந்து கேட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கடலில் அன்றைய பிடி அன்றைக்குத் தீரும். உடம்பையும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது ஆறுதலாக, மெல்ல மெல்லக் கணக்குப் பார்க்கிறது. போன மாதம் தின்றது இன்றைக்கு என் இரத்தம், இனித் தின்பது இவளுக்குப் பால். அகோரப் பசி எடுத்தது.

"கௌபி அவிச்சுக் கொண்டு வாங்கோ" என்றேன்.

"இன்னுமோ?" என்றார் இவர்.