மீராலெவ்வைக் காக்காவின் வயலில் எடுத்த யானைப் படம்

1. காட்டில் யானை இல்லை

கல்முனைக் கடைத்தெருவில் இருந்த எங்கள் ஸ்டூடியோவின் முன்னால் ஒரு நாள் ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய துரை கொழும்புக் கந்தோர் ஒன்றில் பெரிய உத்தியோகத்தர். கல்லோயாப் பக்கத்துக் காட்டைப் புதிதாகத் தேசிய வனமாக அறிவித்திருந்த காலம் அது. கொழும்பில் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம், அதற்குச் சுவரளவு படங்கள் வேண்டுமாம். சின்னக் கமராவில் எடுத்துப் பெருப்பித்தால் படம் புள்ளி புள்ளியாகப் போய்விடும். எட்டுக்குப் பத்து அங்குலப் பிலிம் போடும் மரக்கமரா அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்களிடம்தான் இருந்தது. கலியாண மாப்பிள்ளைகளை எடுத்துப் பழகிய என்னை யானை எடுக்க ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இப்போது தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கமராவின் கஷ்டம் தெரியாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பின்பக்கத்துக் கிரவுண்ட் கிளாஸில் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தொங்கும். அப்படியே போகஸ் பண்ண வேண்டும். லென்ஸை மூடி, பிலிம் ஹோல்டரைச் செருகி, பிலிமை மறைக்கும் டார்க் ஸ்லைடை உருவின பிறகுதான் படம். அதற்குள் மாப்பிள்ளையே கண்ணை மூடிவிடுவான். யானை நிற்குமா என்று எனக்குப் பெரிய கவலை.

வீண் கவலை. வனத்தில் யானையே இல்லை. மரம் இருந்தது, மலை இருந்தது, தண்ணீர் இருந்தது, எங்கள் காலைக் கடிக்க அட்டை தாராளமாக இருந்தது. யானையின் லத்தியை மட்டும் கண்டோம். அதைக் கண்ணாடி போட்டுக் கண்காட்சியில் வைக்க முடியாதே. துரையின் முகம் வாடிப்போயிற்று. கடைசியில் ஜீப் சாரதிதான் வாயைத் திறந்தான்.

"சேர், யானையெல்லாம் இப்ப இறக்காமத்துல. அங்க வேளாமை கதிர் விட்டிரிக்கி. அதுகள் இஞ்ச என்னத்துக்கு நிக்கிது?"

2. வாயில் சால்வை

ஊரே அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் இறக்காமத்து மீராலெவ்வையின் வயலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுபஹுத் தொழுகை முடிந்து நல்ல வெளிச்சம் வந்திருந்தது. வயலுக்குள் யானைகள் குட்டியோடு நின்று நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. அரசாங்கப் பெர்மிட்டில் கிடைத்த அந்தக் காணிதான் காக்காவின் குடும்பத்துக்குச் சோறு. போன போகமும் யானைக்கே போயிருந்தது. மனுஷன் காவல் பரணில் இருந்து இறங்கி, யானை வெடியைப் பற்றவைக்கப் போனார்.

"வெடி போடாதேயும்!" என்று துரை ஓடினார். "முதல்ல படம் எடுக்கவேணும்."

"படமா? என்ட வேளாமையைத் திங்கிறத்தையா எடுக்கப் போறீங்க?"

"அதுதான் உமக்குச் சாட்சி. உமக்கும் ஒரு பிரதி தருவன். அரசாங்கக் கச்சேரியில காட்டினா நட்டஈடு கேக்கலாம். யானையை வெருட்டத் துவக்கு லைசென்சும் கேக்கலாம்."

காக்கா என்னைப் பார்த்தார். யானைகளைப் பார்த்தார். வெடியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் துணிக்குள் புகுந்தேன். கிளாஸில் வயல் மேலே, வானம் கீழே, நடுவில் யானைகள் கால் மேலாகத் தொங்கின. எல்லாம் அழகு, ஒன்று மட்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஸ்டூடியோக்காரன் புத்தி எங்கே போகும்? முதுகு காட்டுபவரை வைத்து நான் குடும்பப் படம் எடுத்ததேயில்லை.

"கொஞ்சம் பொறுங்க, அது திரும்பட்டும்" என்றேன்.

"தம்பி, மாப்பிள்ளைப் படமா எடுக்கிறீங்க? கெதியா அமத்துங்க! ஒரு வரவை முழுக்க நெல்லும் போயிட்டு, றப்பே!"

"சத்தம் போடாதேயும்!" என்று துரை பல்லைக் கடித்தார்.

காக்கா சால்வையைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வடிந்தது. யானை திரும்பியது. எடுத்து முடித்து நான் தலையாட்டியதும் அவர் போட்டாரே ஒரு சத்தம்! யானைகள் அசைவதற்கு முன்பே துரை ஜீப்புக்குள் ஏறிவிட்டார்.

3. சிவப்புப் பென்சில்

நெகடிவ் அற்புதமாக வந்திருந்தது. குட்டியின் முதுகு மயிர் கூடத் தெரிந்தது. பெரிய பிலிமில் ஒரு சிக்கல், வேண்டாததும் அதே அழகோடு விழும். வலப்பக்கத்தில் காவல் பரண், அதற்குப் பக்கத்தில் பெனியன் போட்ட வைக்கோல் வெருளி, மரங்களுக்கு மேலே தூரத்தில் இறக்காமத்துப் பள்ளிவாசலின் மினாறா.

துரை மாதிரிப் பிரதியை மேசையில் வைத்துச் சிவப்புப் பென்சிலால் கோடு கிழித்தார். "இதெல்லாம் வேணாம். காடு மட்டும் வரட்டும்."

கோட்டுக்கு வெளியே இருந்ததை விட்டுவிட்டுப் பெருப்பித்தேன். நெல் புல்லாகிவிட்டது. 'தேசிய வனத்துப் புல்வெளியில் யானைக் கூட்டம்' என்று கீழே எழுதிக் கொழும்பில் மாட்டினார்கள். பேப்பரிலும் வந்தது. துரை சொன்ன சொல் தவறாதவர், காக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்தார். வெட்டின பிரதியைத்தான்.

சில காலம் கழித்துக் காக்கா ஸ்டூடியோவுக்குள் வந்தார். சலாமும் சொல்லவில்லை.

"தம்பி, என்ன படம் எடுத்துத் தந்தீங்க எனக்கு? கச்சேரியில குடுத்தா, கிளாக்கர் இது பேப்பர்ல வந்த தேசிய வனமெல்லோ எண்டான். வனத்துக்குள்ள நெல் விதைக்க ஒனக்கு ஆரு சொன்ன எண்டு கேக்கான். காணியை விட்டு எழும்பட்டாம், நோட்டீசும் தந்துட்டான். யானை என்ட வயலுக்க வந்த எண்டு சொல்லப் போனா, நான் யானைட வயலுக்க போனெனாம்!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. துரை இனி வேலை தரமாட்டார் என்று தெரிந்தும் டார்க் ரூமுக்குள் போனேன். முழு நெகடிவையும் பேப்பரில் வைத்து, ஒரு மயிரிழையும் வெட்டாமல் கொன்டாக்ட் பிரின்ட் போட்டேன்.

4. பூதக்கண்ணாடி

அந்தப் படத்தைக் கொடுத்துக் காக்கா கேட்ட விசாரணைக்குத் துரையும் வந்திருந்தார். கச்சேரிப் பெரியய்யா அவசரமே படாத மனிதர். படத்தின் மேல் பூதக்கண்ணாடியை ஊரவிட்டார்.

"மிஸ்டர், உங்கட காட்டுக்குள்ள பெனியன் போட்டு ஒராள் நிக்கிறாரே, ஆர் அது?"

காக்காதான் பதில் சொன்னார்.

"அது வெருளி ஐயா. என்ட பழைய பெனியன்."

"மரத்துக்கு மேலால வெள்ளையாத் தெரியிறது?"

"எங்கட பள்ளிட மினாறா."

பெரியய்யா துரையைப் பார்த்தார். "அப்ப பள்ளிவாசலையும் எழும்பச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவமா?"

"யானை... கொஞ்சம் வெளியில வந்திருக்கும்" என்றார் துரை.

நோட்டீஸை அங்கேயே கிழித்தார்கள். வயல் தப்பியது. காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும்தான். ஆனால் நட்டஈடு வரவில்லை. வெளியே வந்த யானைக்கு வனம் பொறுப்பில்லையாம், வனத்து யானைக்குக் கச்சேரி பொறுப்பில்லையாம். துவக்கு லைசென்ஸைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் பார்ப்பதற்குள் நான் தொழிலை விட்டே ஓய்ந்துவிட்டேன்.

தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, படத்தின் ஓரத்தை யாருக்கு வேண்டுமானாலும் வெட்டிக் கொடுங்கள், அதுதான் நமக்குச் சோறு. நெகடிவில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள். அந்த ஓரத்தில் யாராவது ஒருவருடைய வீடு வாசல் இருக்கும்.

ஹஜ்ஜுப் பயண அலுவலாகக் காக்கா பிறகொரு நாள் கொழும்புக்குப் போனார். துரையின் கந்தோரையும் எட்டிப் பார்த்திருக்கிறார். படம் அதே எழுத்தோடு சுவரில் இருந்ததாம். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்:

"என்ட வயலுக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு வச்சிரிக்கானுகள் தம்பி. கிட்டப் போனா, காவல்காரன் தள்ளி நிக்கட்டாம், சத்தம் போடாதெயாம். யானைகள் இன்னும் திண்டுட்டுத்தான் நிக்கிதுகள். அங்கயும் எனக்குக் கத்த ஏலாமப் போயிட்டு."