குப்பத்துக் கிணறும் நீச்சல் குளமும்

எண்பதுகளின் கடைசியில் பிள்ளைகளுக்கு அரைப்பரீட்சை லீவு வந்தால் நாங்கள் கோவளம் பக்கம் ஒரு கடலோர ஹோட்டலுக்குப் போவோம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம், அங்கிருந்து கேளம்பாக்கம், அப்புறம் இன்னொரு பஸ். ஹோட்டல் என்று பேர்தான். சவுக்குத் தோப்புக்குள் நாலைந்து ஓட்டு அறைகள், வேலிகூடக் கிடையாது.

பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன்காரப் பெண் ஒருத்தி காலையில் கூடையோடு நேரே எங்கள் வராந்தாவுக்கே வருவாள். மீனைச் சமையல்காரரிடம் பொரிக்கக் கொடுத்துவிட்டு என்னோடு உட்கார்ந்து பேசுவாள். ஒருமுறை ஹோட்டல் பம்பு ரிப்பேரானபோது, குப்பத்துக் கிணற்றிலிருந்து எங்களுக்குக் குடம் சுமந்து வந்தவளும் அவள்தான்.

அப்புறம் வீடு கட்டினோம். பல வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், புதிதாக வாங்கிய மாருதியில் மறுபடி கிளம்பினோம்.

சவுக்குத் தோப்பைக் காணோம். வாசலில் வளைவு, உள்ளே புல்தரை, சுற்றி ஆளுயரத்துக்கு மேல் மதில். கடல் அவ்வளவு கிட்டத்தில் இருக்க, நடுவில் நீலமாக ஒரு நீச்சல் குளம். கம்பெனி மீட்டிங்குக்கு வந்தவர்கள் மைக்கில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் பெட்டியை இறக்குவதற்குள் குளத்தில் குதித்துவிட்டார்கள்.

நான் கடலைப் பார்க்கப் பின்கேட்டுக்குப் போனேன். வெளியே இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு அந்த மீன்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது.

"இன்னாக்கா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று சிரித்தாள்.

"மீன் கூடை எங்க?"

"உள்ளாற வுட மாட்டேன்றாங்க. தண்ணிக்கு வந்தேன். வாச்மேன் மனசு வச்சா ஒரு கொடம் தருவாரு."

"உங்க கிணறு?"

"உப்பாயிடுச்சுக்கா. இங்க ராவும் பகலும் மோட்டார் ஓடுதே."

அவள் குரலில் கோபமே இல்லை. எனக்குப் பின்னால் பிள்ளைகள் தண்ணீரை வாரி இறைத்துக் கத்துவது கேட்டது.

குடங்களை வாங்கிக்கொண்டு அறைக்கு ஓடினேன். பாத்ரூமில் நிரப்பி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாவதைத் தூக்கி வரும்போது மேனேஜர் வழிமறித்தார். சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், ப்ளீஸ். ஒருத்தருக்குக் கொடுத்தா நாளைக்கு ஊரே கேட்ல நிக்கும்."

"அவங்க ஊர்த் தண்ணிதானே?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குடத்தைக் கீழே வைத்தேன்.

கேட்டுக்கு வெளியிலிருந்து அவளே குரல் கொடுத்தாள். "போதும்க்கா, வுடு. வந்த எடத்துல உனக்கு ஏன் பேஜாரு?" மேனேஜர் அந்தக் குடத்தைக் கவிழ்த்துவிட்டுக் காலியாக அவளிடம் நீட்டினார். தண்ணீர் புல்தரையில் ஓடியது.

கணவரிடம் சொன்னேன். "இப்பவே கிளம்பிடலாமா?" என்று உடனே கேட்டார். பிள்ளைகள் அழுதார்கள். சரி, இருந்துவிட்டுப் போகலாம் என்று சொன்னது நான்தான்.

மறுநாள் ஒரு பக்கெட்டோடு குளித்து முடித்தேன். அதனால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்கே தெரியும். கிளம்பும்போது, அவள் முன்கேட்டில் நின்றுகொண்டிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் காரில் ஏறினேன். அவள் இல்லை. அப்பாடா என்றிருந்தது.