சில்லில்லாத வாகனத்துக்கு ஒரு பூசை

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகள், விமானத்திலிருந்து குதிப்பதற்கான முதல் லைசன்ஸை எடுத்ததோடு ஆசை தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த விடுமுறைக்குக் குண்டசாலையிலுள்ள எங்கள் வீட்டுக்குத் தன் சொந்தப் பாரசூட்டைப் பையோடு தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். பயிற்சி நிலையத்தில் இரவல் கொடுத்ததைவிடச் சிறியதாம், வேகமாக இறங்குமாம். திரும்பிப் போனதும் இதோடு குதித்து, ஆகாயத்தில் மற்றவர்களோடு கைகோத்துப் பழக வேண்டுமாம். அடுத்த லைசன்ஸுக்கு.

"முதல் லைசன்ஸோட நிப்பாட்டினா என்னம்மா?"

"நீங்க மோட்டார் சைக்கிளோட நிப்பாட்டினீங்களா அப்பா? கார் வாங்கினீங்கதானே."

வாங்கினேன்தான். வாங்கிய அன்றே கோயிலில் பூசையும் போட்டேன். அது ஞாபகத்துக்கு வந்ததுதான் வினை. மறுநாள் அவளும் தாயும் கடைக்குப் போன நேரம், பையை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

குருக்கள் பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சில்லு இல்லையே ஐயா. எலுமிச்சம்பழத்த எதுக்குக் கீழ வைக்கிறது?"

"இது மேல இருந்து கீழ வர்ற வாகனம் சாமி."

"இறங்கிறப்ப எது முதல்ல தரையில படும்?"

"மகளோட கால்."

"அவங்க வரலையே. அப்ப நீங்க மிதிங்க."

வெறுங்குதிகாலால் இரண்டு பழங்களை நசுக்கினேன். புது வேனோடு பின்னால் நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். குருக்கள் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, நூல் கட்ட ஸ்டியரிங் தேடினார். நெஞ்சுப் பட்டியில் ஒரு வளையம் மின்னியது. அதைப் பட்டியோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டார்.

மாலையில் மகள் வழக்கம்போலப் பையை மேலிருந்து கீழாகச் சோதித்தாள். குங்குமத்தைப் பார்த்துச் சிரித்தாள். நூலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இத யாரு கட்டினது?"

கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்.

"முதல் பாரசூட் விரியாட்டி, இந்த வளையத்த இழுத்தாத்தான் அப்பா பைக்குள்ள இருக்கிற ரெண்டாவது விரியும்."

விரலால் லேசாக அசைத்துக் காட்டினாள். வளையம் பட்டியை விட்டு நகரவில்லை. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் கத்தரிக்கோல் எடுத்து நூலை வெட்டினாள். அந்த நிலையிலும் நான் ஒரு வாய்ப்பை விடவில்லை.

"பாத்தியா, எவ்வளவு ஆபத்துன்னு. இனிப் போகாத."

"ஆபத்து கோயில்ல இருந்துல்ல வந்திருக்கு. ஒவ்வொன்னாப் பாத்துட்டுக் குதிக்கத் தெரியும்னுதான் எனக்கு லைசன்ஸ் குடுத்திருக்காங்க. கண்டுபிடிச்சேன்தானே?"



அவள் புறப்பட்ட காலையில் பெரிய பெட்டிகளை நான்தான் வண்டியில் ஏற்றினேன். பாரசூட் பைக்குக் கை நீட்டியதும் அவள் முந்திக்கொண்டாள்.

"இத மட்டும் நீங்க தொட வேணாம்."

என்றாலும், ஏறுமுன் என் எதிரிலேயே அந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நானும் எட்டிப் பார்த்தேன்.