ஆலங்கட்டி பெய்த ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் கனடாவிலிருந்து தம்பி வீடியோவில் கூப்பிட்டான். அவன் சன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. மூன்று நாளாகப் பனிப்புயல், கதவைத் திறக்கவே முடியவில்லையாம். உள்ளே பனியனோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். "சத்தமே இல்லக்கா, அதான் ஒரு மாதிரியா இருக்குது" என்றான். மைசூரில் மின்விசிறிக்குக் கீழே இருந்த நான் சும்மா சிரித்து வைத்தேன். எட்டு மாதக் குழந்தையாக அவனும் ஒருமுறை பனிக்கட்டிக்கு நடுவே கிடந்திருக்கிறான். அன்றைக்குச் சத்தம்தான் எல்லாமே.

அப்போது ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக லேஅவுட் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் மார்டள்ளியில் போர்வெல் வறண்டதும் அப்பா இங்கே கொத்தனார் வேலைக்கு வந்துவிட்டார். காலி இடத்தில் நான்கு தகர ஷெட்டுகள், அதில் ஒன்று எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் 'மனெ' என்பேன். கன்னடத்தில் மனெ என்றால் வீடு, தமிழில் மனை என்றால் வெறும் நிலம். ஏதோ ஒரு மொழியில் நான் பொய் சொல்லவில்லை.

பக்கத்து ஷெட்டில் மாதேஷ் அண்ணனும் செல்வி அக்காவும் இருந்தார்கள். அவர்களும் எங்கள் ஊர்ப் பக்கம்தான், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அண்ணன் அப்பாவோடுதான் வேலைக்குப் போவார். உப்புமாவில் சர்க்கரை போட்டுத் தின்னும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது செல்வி அக்காதான். இன்றும் என் பிள்ளைகள் அதற்காக என்னைக் கேலி செய்கிறார்கள்.

கோடைக் காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்கக் கூரைமேல் சிமெண்ட் கற்களை அடுக்கி வைப்பது எல்லா ஷெட்டிலும் வழக்கம். எங்கள் கூரைக்கும் அவர்கள் கூரைக்கும் அப்பாதான் ஏறி வைத்தார்.

அந்த ஞாயிறு மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. புழுதி நனைந்த வாசனை. முதல் கட்டிகள் விழுந்ததும் "ஆலிக்கல்லு, ஆலிக்கல்லு" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு ஓடினேன். செல்வி அக்காவும் முந்தானையை விரித்துக்கொண்டு வந்தாள். ஒரு கட்டியை என் சட்டைக்குள் போட்டுவிட்டுச் சிரித்தாள். கட்டிகள் எலுமிச்சம்பழ அளவுக்கு விழத் தொடங்கியதும் அவரவர் உள்ளே ஓடினோம்.

பிறகு காற்று வந்தது. அம்மா தம்பியை மடியில் போட்டு அவன்மேல் கவிழ்ந்துகொண்டாள். கலவை சுமக்கும் இரும்புச் சட்டியை என் தலையில் கவிழ்த்தாள். தகரம் எழும்பும்போதெல்லாம் அப்பா கூரைக் கட்டையைப் பிடித்துத் தொங்கினார். வாயைத் திறந்து ஏதோ சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. சட்டிக்குள் எனக்கு என் அழுகையே கேட்கவில்லை. அரை மணி நேரம் இருக்கும்.

சத்தம் குறைந்தபோது மாதேஷ் அண்ணன் வாசலில் நின்றார். தலை முழுக்க ஈரம்.

"அண்ணா, செல்வி எந்திரிக்க மாட்டேங்கறா" என்றார்.

அவர்கள் தகரத்தின் ஒரு பக்கம் கிளம்பியிருந்தது. மேலிருந்த கல் உள்ளே விழுந்திருந்தது. வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்ததால் ஆட்டோ வரவில்லை. கதவையே கழற்றி, அதில் அவளைப் படுக்கவைத்து, நான்கு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தரை கணுக்கால் அளவுக்கு வெள்ளையாகக் கிடந்தது. அதில் வழுக்கி வழுக்கி அவர்கள் நடந்ததை வாசலிலிருந்து பார்த்தேன். போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் அப்பா இரண்டு கூரையிலிருந்தும் கற்களை இறக்கிவிட்டுத் தகரத்தைக் கம்பியால் கட்டினார். காரியமெல்லாம் முடிந்து மாதேஷ் அண்ணன் சாமான்களை எடுக்க வந்தார். அம்மா டீ கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அப்பா சொன்னார்: "மாதேசு, அந்தக் கல்ல நாந்தான் வெச்சேன்."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியுமுங்ணா. ஏணி புடிச்சது நாந்தானே" என்றார்.

இருவரும் அழவில்லை. அப்பா பெட்டியை பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மாதேஷ் அண்ணனை நாங்கள் பார்க்கவில்லை. குண்டலுபேட்டையில் இருப்பதாக யாரோ சொன்னார்கள், திருப்பூரில் என்றார் இன்னொருவர். நாங்கள் ஓட்டு வீட்டுக்குக் குடிபோன பிறகும், காற்று கிளம்பினால் அப்பா உள்ளே இருக்க மாட்டார். மழையில் நனைந்தபடி, அடங்கும்வரை தெருவில் நிற்பார். கூப்பிட்டாலும் வரமாட்டார். அவர் போய் ஆறு வருடமாகிறது.

ஷெட்டுகள் இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் கட்டடம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் எந்த மூலையில் எங்கள் வாசல் என்று எனக்கே பிடிபடுவதில்லை.

தம்பி பேசிவிட்டு வைத்ததும் அம்மாவிடம் கேட்டேன், செல்வி அக்கா பார்க்க எப்படி இருப்பாள் என்று. அவளுடைய போட்டோ ஒன்றுகூட எங்களிடம் கிடையாது.

"செவப்பா, வட்ட மொகமா இருப்பா" என்றாள் அம்மா. பிறகு, "இல்ல கண்ணு, அது வேற யாரோ" என்றாள்.