பூசைக் கூடையில் கீறாத காளான்

நோயெல் என் கடையில் காளான் ஆம்லெட் சாப்பிடுவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. வேலையில் நாள் முழுக்க அதையே பார்த்து அலுத்துப் போயிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். மண்ணுக்குள் விளையும் கறுப்புக் காளான் அது, டிரஃபிள். எங்கள் ப்ரோவான்ஸ் பக்கத்தில் குளிர்காலப் பிழைப்பே அதுதான். கடைக்கு அதை வாங்கி வருவது என் கணவர் எமே.

நோயெலுக்கு டவுனில் பரிசோதனைக்கூடத்தில் வேலை. காளானில் ஒரு சீவல் எடுத்து, மரபணுவைப் பார்த்து, எந்த இனம் என்று சொல்லிவிடுவாள். சீனாவிலிருந்து வரும் ஒரு வகை எங்கள் காளானை உரித்து வைத்த மாதிரி இருக்கும். அதன்மேல் குற்றமில்லை. சொந்தப் பெயரில் விற்றால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? இங்கேயோ நல்ல காளானோடு ஒரே டப்பாவில் மூடி வைப்பார்கள். விடிந்தால் அதுவும் மணக்கும். மூக்கு ஏமாறும். பரிசோதனை ஏமாறாது.

சந்தையில் கத்தியால் கீறி உள்ளே பார்க்காமல் எவனும் வாங்கமாட்டான். ஜனவரியில் சர்ச்சில் நடக்கும் காளான் பூசையில் மட்டும் யாரும் கீறுவதில்லை. அன்று காணிக்கைக் கூடையில் காசுக்குப் பதில் ஆளுக்கொரு காளான் போடுவோம். பிறகு வாசலில் ஏலம். சாமிக்குக் கொடுத்ததைக் கீறிப் பார்ப்பது அசிங்கமாம். எவ்வளவு வசதி பாருங்கள்.

போன வருடம் ஏலம் எடுத்த சமையல்காரர் கூடையோடு திரும்பி வந்தார். "வேக வெச்ச பாட்டில் கார்க்கு மாதிரி இருக்கு பாதர்" என்றார். நோயெல் பரிசோதித்தாள். பாதிக்கு மேல் சீனக் காளான். சாமிக்கே கழிசடையைப் போட்டிருக்கிறார்கள்.

அவளுக்கு அதைவிடக் கேவலமான ஒன்று தெரிந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு அவள் அண்ணன் ரெஜி அவளுக்குக் கொடுத்த காளானும் அதே சரக்கு. ரெஜி எங்கள் காளான் சங்கத் தலைவன். கறுப்பு அங்கி, கழுத்தில் மெடல், ஊர்வலத்தில் முதல் ஆள். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவனும் அவன்தான். அவனைக் காட்டிக்கொடுத்தால் இருக்கிற ஒரே சொந்தமும் போய்விடும்.

"எவன்னு தெரிஞ்சா தோலை உரிச்சிடுவேன், ஒதில் அக்கா" என்று ரெஜி என் கடையில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

நோயெல் காபியைக் கிளறிக்கொண்டே, "அடுத்த வருசம் கூடைப் பக்கத்துல நான் நிக்கிறேண்ணா. ஒவ்வொண்ணையும் கீறி, சீவலை ட்யூப்ல போட்டு, போட்டவங்க பேரை ஒட்டிடுறேன்" என்றாள்.

"கோயிலுக்குள்ள கத்தியா? சாமியவே சந்தேகப்படுறியாடி?"

"சாமி ஒண்ணும் கூடையில போடலையேண்ணா."

கடையே சிரித்தது. அவன் போன பிறகு, "யாருன்னு உனக்குத் தெரியும்தானே?" என்று கேட்டேன்.

"தெரியும்க்கா. வாயால சொல்ல வரல. அதான் ஒரு வருசம் டைம் குடுத்திருக்கேன். நல்லதா ஒண்ணு கொண்டுவந்தாப் போதும்."

இந்த ஜனவரி பூசையில் பாதர் சம்மதத்தோடு கூடையருகே நின்றாள். வழக்கப்படி தலைவன்தான் முதலில். ரெஜி காளானை நீட்டி, குரலைத் தாழ்த்தி, "என்னுதையுமா கீறுவ?" என்று சிரித்தான். தங்கச்சி கீறமாட்டாள் என்ற தைரியம். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அவள் கீறினாள். சீவலை ட்யூபில் போட்டு அவன் பெயரை எழுதினாள். "திங்கக்கிழமை ரிசல்ட் வந்துரும்ணா."

அவன் அதற்குக் காத்திருக்கவில்லை. மெடலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போனான். இன்றுவரை அவளோடு பேசவில்லை.

அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்ற சங்கத்துக் கறுப்பு அங்கிகள் சில, காளானைப் போடாமலே திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தன. முதலில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது என் கணவர் எமே. கையை அங்கிக்குள்ளேயே வைத்திருந்தார்.

நோயெல் என்னைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஆம்லெட்டை ஏன் விட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து, எமே கடைக்கு வாங்கி வைத்திருந்த காளான் டப்பாவைத் திறந்தேன். நன்றாகத்தான் மணந்தது. கத்தியைத் தேடினேன்.