கலங்கலை இடித்த மனு

எங்கள் ஏரியின் பெரிய மதகு சொத்தைப் பல் மாதிரி ஆகியிருந்தது. கரைக்கு அடியில் கல் சரிந்து, தண்ணீரோடு கரை மண்ணும் வெளியே வந்துகொண்டிருந்தது. அறுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், காஞ்சிபுரத்திலிருந்து ஓவர்சியர் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு மூன்று வழி சொன்னார். களிமண் அடைத்து ஓரிரு வருஷம் ஓட்டலாம். கரையை வெட்டி மதகைப் புதிதாகக் கட்டலாம். ஒரு போகம் போய்விடும். இல்லையென்றால் மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கலை இரண்டடி இடித்துத் தணிக்கலாம். ஏரியில் தண்ணீர் குறைவாக நின்றால் கரைக்குப் பாரம் குறையும்.

மூன்றாவது வழியில் கரை பிழைக்கும், கடைமடை சாகும். என்னுடைய முக்கால் காணி வாய்க்காலின் கோடியில், அந்தக் கடைமடையில்தான் இருந்தது. அதை விட்டால் எனக்கு வேறு நிலம் கிடையாது.

"எதுவானாலும் ஊர் சேர்ந்து ஒரு மனு குடுங்கபா" என்று சொல்லிவிட்டு ஓவர்சியர் போனார். அன்று சாயங்காலமே கரைமேல் இருக்கும் அம்மன் கல்லுக்கு முன்னால் கூடினோம். கற்பூரம் ஏற்றியது என் அக்கா வீட்டுக்காரர்தான். புது மதகுதான் கேட்போம், யாரும் மாற்றிப் பேச மாட்டோம் என்று ஒவ்வொருவராகக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தோம். எங்கள் ஊரில் அதற்குமேல் பத்திரம் தேவையில்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவன் நான். மனுவில் சர்வே எண்ணும் மதகின் அளவும் வேண்டும். அது ஓவர்சியர் ஆபீசில்தான் கிடைக்கும். அறுப்பு நேரத்தில் கலைந்துபோகிறவர்களை மறுபடி கூட்டவும் முடியாது. அதனால் வெற்றுத் தாளின் அடியில் முதலில் என் கையெழுத்தைப் போட்டேன். அதற்குக் கீழே வரிசையாக எல்லோரிடமும் கைநாட்டு வாங்கினேன்.

மறுநாள் எனக்கு அறுப்பு. "குடு மச்சான், நான் காஞ்சிபுரம்தானே போறேன், அளவு கேட்டு எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேன்" என்றார் மாமா. அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம். தாளை மடித்துக் கொடுத்தேன்.

பங்குனியில் கலங்கலை இடிக்க ஆட்கள் வந்தார்கள். பதறிப்போய் ஓவர்சியரிடம் ஓடினேன். அவர் மனுவை எடுத்துக் காட்டினார். கலங்கலைத் தணித்துத் தருமாறு ஊரார் வேண்டிக்கொள்கிறோம் என்று மாமாவின் கையெழுத்தில் குண்டு குண்டாக எழுதியிருந்தது. கீழே முதல் கையெழுத்து என்னுடையது.

"வெத்துத் தாள்ல வாங்கினதுங்க" என்றேன்.

"அதையே எழுதிக் குடு. மொதல்ல உன்னத்தான் புடிப்பாங்க" என்றார்.

ஏரி தணிந்தால் உள்பக்கம், தண்ணீர் ஏறாத மேட்டில் நிலம் தெரியும். மாமா ஏற்கெனவே அங்கே கொஞ்சம் வளைத்துப் பயிர் வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்க அக்கா புள்ளைங்க நல்லா இருக்கிறது உனக்குப் பொறுக்கலியா?" என்று கேட்டார். அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. மாமா செய்ததைவிட அதுதான் பெரிய துரோகம். இன்றைக்கும் நான் அதை மன்னிக்கவில்லை.

கற்பூரம் அடித்துவிட்டு மீறியவர் வீட்டில் எங்கள் ஊரில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் அக்கா பிள்ளைகளும் சேர்ந்துதான் அனுபவிக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். கடைமடைக்காரர்கள் என் கையெழுத்தைப் பார்த்து, நானும் மாமாவும் கூட்டு, ஏரிக்குள் விளைவதில் எனக்கும் பங்கு என்று முடிவுகட்டினார்கள்.

அடுத்த மார்கழியில் கதிர் பால் பிடிக்கும் நேரம், எங்கள் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. பயிர் நின்றபடியே காய்ந்தது. சித்திரையில் என் வீட்டில் ஒரு மரக்கால் நெல் கிடையாது. அக்கா ஒரு கூடை கேழ்வரகைத் தலையில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் தெருவழியாக வந்தாள். வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். ஏரிக்குள் விளைந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கூடையை எடுத்துக்கொண்டுபோய் அவள் வாசலில் கொட்டிவிட்டு வரலாம் என்றுதான் வெளியே வந்தேன். என் பக்கத்து நிலத்துக்காரர் எதிரே நின்றுகொண்டிருந்தார். அவருடைய பயிரும் என்னுடையதோடு சேர்ந்துதான் காய்ந்தது.

"உன் பங்கு வந்துடுச்சாபா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

உள்ளே என் பிள்ளைகள் இரண்டு நாளாக வெறும் நீராகாரத்தில் கிடந்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடையைத் தூக்கி உள்ளே வைத்தேன்.