பிடி அரிசி

இன்று காலை புது அரிசி மூட்டையைப் பிரித்து, கோயிலுக்கென்று ஒரு பிடி அள்ளிக் காலி டப்பாவில் போட்டேன். சடசடவென்ற அந்தச் சத்தம் என்னை உத்திரமேரூர்ப் பக்கத்துக் கூரை வீட்டு அடுப்படிக்கே கொண்டுபோய்விட்டது.

அம்மா உலை வைக்கும்போதெல்லாம் முதல் பிடி அரிசியைப் பால்பவுடர் டப்பாவில் போட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். ஏரி வற்றி நடவு வேலையே இல்லாத வருஷம் ஒன்று வந்தது. முறத்தில் இருந்த அரிசி ஆளுக்கு அரை வயிற்றுக்குக்கூடக் காணாது.

"இன்னிக்கி வுட்டுடேன். ஆண்டவரு இன்னா கோச்சிக்கவா போறாரு?" என்றார் நைனா.

அம்மா டப்பாவைத் திறந்து வைத்தாள். "எஸ்தரு, இங்க வா. இன்னிலேந்து நீ போடு" என்று என்னைக் கூப்பிட்டாள். எனக்கு ஆறு வயது. பெரிய பதவி கிடைத்ததுபோல் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு அள்ளிப் போட்டேன்.

நைனா சிரித்துவிட்டார். "யாரு கையா இருந்தா இன்னா? புடி புடிதான்" என்றாள் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

மறுவருஷம் மழை பெய்தது. நடவுக்குப் போய்க் கூலி நெல் கொண்டுவந்து குத்திய அன்றே, "நவுரு, இனிமே நான் போட்டுக்கறேன்" என்று காய்ப்பேறிய கையை அகல விரித்து அள்ளினாள். பதவி போன கோபத்தில் அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

இப்போது என் கை அவள் கையைவிடப் பெரியது. டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தேன். மூட்டை நிறைய அரிசி இருந்தும் நான் போட்டிருந்தது அந்த ஆறு வயதுப் பிடிதான்.